முட்டி தேய்மானமும் இரவு தசைப்பிடிப்பும்: எங்கிருந்து தொடங்குவது?

எக்ஸ்ரேயைப் பார்த்து "தேய்மானம்" என்று சொன்னதும் பலரும் செய்கிற முதல் வேலை, நடையைக் குறைப்பது. வண்டி டயர் மாதிரி, ஓட ஓடத் தேயும் என்ற கணக்கு. ஆனால் முழங்கால் டயர் இல்லை.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு (நாம் ஜவ்வு என்று சொல்வது) ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். பாரம் விழும்போது அழுந்தி, பாரம் நீங்கும்போது பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். அசைவே இல்லையென்றால் அந்த வரத்தும் குறையும். அதற்கு வலி நரம்பும் கிடையாது. வலிப்பது அதைச் சுற்றியுள்ள எலும்பு, மூட்டின் உள்சவ்வு, தசைநார்கள். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு சிலர் சாதாரணமாக நடமாடுவதும், லேசான தேய்மானத்துக்கே சிலர் துடிப்பதும் இதனால்தான்.

தசைப்பிடிப்பு எங்கே வருகிறது? வலிக்கும் முட்டியை நாம் அறியாமலே கொஞ்சம் மடக்கி வைத்தே நடக்கிறோம். தொடையின் முன்தசை மெலிகிறது. பின்தொடையும் ஆடுசதையும் நாள் முழுக்க இறுகியே கிடந்து களைக்கின்றன. அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு ஆடுசதை கல்லாக இறுகி எழுப்புகிறது. எல்லாப் பிடிப்புக்கும் முட்டியே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே கவனிப்பது நல்லது.

படி 1: இது வீட்டு வேலையா, மருத்துவர் வேலையா?

முட்டி சிவந்து, சூடாக வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை, முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை என்றாலும் அப்படியே. ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடிப்பு என்று நினைத்து நீவி விடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம். குறிப்பிட்ட தூரம் நடந்தால் ஆடுசதை வலித்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால் அது ரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாம். காலை இறுக்கம் தேய்மானத்தில் பொதுவாக அரை மணிக்குள் தளர்ந்துவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு வகை மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும்.

படி 2: தொடைக்கு வேலை கொடுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இது ஒன்றைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முன்தொடைத் தசைதான் முட்டிக்கு அதிர்வு தாங்கி.

முதல் வாரம்: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டை நசுக்குவது போல முட்டியைக் கீழே அழுத்துங்கள். தொடை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். 5 நொடி பிடித்து விடுங்கள். ஒரு காலுக்கு 10 முறை. மூச்சை அடக்காதீர்கள்.

அது சுலபமானதும்: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். மற்றதை மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி 5 நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். "தொப்"பென்று போட்டால் பாதிப் பலன் போச்சு. இதுவும் 10 முறை.

அதற்கடுத்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. உயரமான, நகராத நாற்காலியாக எடுங்கள். 5 முறையில் தொடங்கினால் போதும். எழுவதில் மட்டுமல்ல, பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காருவதிலும் தொடைக்கு வேலை உண்டு.

கூடவே நடை. ஒரே மூச்சில் அரை மணி முடியாவிட்டால் 10 நிமிடமாக மூன்று முறை நடங்கள்.

படி 3: வலிக்கு ஒரு அளவுகோல்

"வலித்தால் நிறுத்தவா?" என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. வலிக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 4, 5 வரை போய், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை, தொடரலாம். மறுநாளும் கூடுதலாக வலிக்கிறது, முட்டி உப்பியிருக்கிறது என்றால் நேற்று செய்தது அதிகம். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். வீக்கம் இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், இறுக்கம் மட்டும் என்றால் வெந்நீர் ஒத்தடம், 15 நிமிடம் வரை.

படி 4: பிடிப்பு வந்தால், வராமலிருக்க

பிடித்த நொடியில் முட்டியை நீட்டி, பாத விரல்களை உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். விட்ட பிறகு மெல்ல நீவி விடுங்கள்.

படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பின்கால் முட்டி நேராக, குதிகால் தரையில். ஆடுசதை இழுபடும் வரை முன்னால் சாய்ந்து 30 நொடி. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்து இரவெல்லாம் தூங்குவது சுகம்தான். ஆனால் அதுவே வழக்கமானால் முட்டி முழுதாக நீள மறுத்துவிடும்.

சிறுநீர் பெருக்கும் மாத்திரை, கொழுப்பு குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எடுப்பவர்கள் பிடிப்பைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மெக்னீசியம் மாத்திரையை நம்பிப் பணம் செலவழிப்பவர்கள் நிறையப் பேர். வயதானவர்களின் பிடிப்புக்கு அது பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

படி 5: பாரத்தைக் குறைக்கும் சில்லறை வேலைகள்

ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பலரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி சுமக்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது.

மருந்தில், டைக்ளோஃபினாக் ஜெல் போலத் தடவுவதை முதலில் முயலலாம். விழுங்கும் வலி மாத்திரை வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் தொடும். கேட்காமல் வாரக்கணக்கில் எடுக்காதீர்கள்.

படி 6: இன்றே ஓர் எண்ணை எழுதி வையுங்கள்

30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணித் தேதியோடு குறியுங்கள். வாரத்துக்கு வாரம் பார்க்க வேண்டாம், தசை அவ்வளவு வேகமாக ஏறாது. எட்டு வாரம் கழித்து எண்ணுங்கள். எண் நகரவே இல்லையென்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.