செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி வாங்கும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

பழைய பைக்கில் செல்ஃப் மக்கர் பண்ணினால் பலரும் நேரே பேட்டரிக் கடைக்குத்தான் போகிறார்கள். முதலில் வண்டியை நியூட்ரலில் போட்டு, கிளட்சைப் பிடித்து, பொத்தானை அமுக்கிக் காது கொடுங்கள். ‘டிக்டிக்டிக்’ என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டிக்’ என்றால் ரிலே (பொத்தானை அமுக்கியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் சுவிட்ச்), ஒயர், மோட்டார் மூன்றில் ஒன்று. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கில் சுவிட்ச் (ஹேண்டில்பாரில் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச் பக்கம் போங்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, முனைகளைப் பேட்டரியின் பிளஸ், மைனஸில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ், 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பொத்தானை அமுக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகம். இன்னொரு நல்ல பேட்டரியிலும் அப்படியே விழுந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம். 12ஐ விட்டு அசையவே இல்லை, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது.

பழைய வண்டிகளில் அந்த இடம் பெரும்பாலும் எர்த், அதாவது பேட்டரி மைனஸ் ஒயர் வண்டி உலோகத்தோடு சேரும் இடம். செல்ஃப் மோட்டார் 80 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த போல்ட்டில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1.6 வோல்ட் அங்கேயே போய்விடும். இவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவு காட்டாது. அதனால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் மேலேயே, மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகத்தில் வைத்து, மோட்டார் சுற்றும்போது வோல்ட் பாருங்கள். 0.3ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட், துரு போக உப்புத்தாள் போட்டு இறுக்குங்கள். ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையிலும் இதே சோதனைதான், 0.2க்கு மேல் போனால் உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கிறது.

ரிலே ‘டிக்’ கூடச் சொல்லவில்லையா? அதன் இரண்டு மெல்லிய ஒயர்களுக்கு நடுவே, பொத்தானை அமுக்கியபடி வோல்ட் அளந்து பாருங்கள். 12 வோல்ட் வந்தால் ரிலே காலி. வராவிட்டால் சுவிட்ச் பக்கம்தான் கோளாறு. ஸ்க்ரூ டிரைவரால் ரிலேயை ஷார்ட் பண்ணிப் பார்ப்பது ஒர்க்‌ஷாப் பழக்கம். பெட்ரோல் கசியும் வண்டியில் அந்த வேலை வேண்டாம், பொறி பறக்கும்.

மோட்டாரை லேசாகத் தட்டினால் சுற்றுகிறது என்றால் உள்ளே கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கழற்றும்போது வாஷர்கள் இருந்த வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளை 600 நம்பர் உப்புத்தாளால் துடைத்து, நடுவிலுள்ள பள்ளங்களில் கரித்தூளைச் சுரண்டுங்கள். செம்புக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே மீட்டர் ‘பீப்’ அடித்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) ஷார்ட். பிரஷ் மாற்றிப் பயனில்லை.

மோட்டார் ‘உய்ய்ங்’ என்று சுற்றியும் என்ஜின் அசையவில்லை என்றால், மோட்டார் சுற்றலை ஒரே திசையில் என்ஜினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. கவரைத் திறந்து ரோலர், ஸ்பிரிங் தேய்மானம் பார்க்க வேண்டிய வேலை இது. இறங்கிய பேட்டரியில் செல்ஃப் அடித்தால் என்ஜின் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையை வாங்குவது இந்தக் கிளட்ச்தான். பேட்டரி இறங்கிய அன்றைக்குக் கிக்கரையே மிதியுங்கள்.