அறிவியல், மக்கள், அரசு: மூன்றையும் இணைக்கும் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் ஆய்வுக் குழு தங்கள் திட்ட வரைவைக் கொண்டுவந்து என் கருத்தைக் கேட்டது. கழிவிலிருந்து உரம் எடுக்கும் தொழில்நுட்பம், 36 மாதத் திட்டம். அறிவியல் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் கால அட்டவணையைப் பார்த்தேன். ‘பயனாளிகள் கருத்துக்கேட்புக் கூட்டம்’ 31ஆம் மாதம். ‘கொள்கைப் பரிந்துரைகள் சமர்ப்பித்தல்’ 35ஆம் மாதம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு வருடங்களுக்கு முன்பு நான் போட்ட அட்டவணையும் கிட்டத்தட்ட இதேதான்.

ஆய்வகத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் மக்கள் கூட்டத்துக்கும் நடுவே ஓடுவதுதான் என் வேலை. நல்ல கண்டுபிடிப்பு ஒன்று அலமாரியில் தூங்கிவிடாமல், சட்டமாகவோ திட்டமாகவோ மாறி, மக்கள் கையில் பல வருடம் உழைக்க வேண்டும். அதற்கு இந்த மூன்று தரப்பும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும். எளிய மொழியில் எழுதுங்கள், படம் போட்டு விளக்குங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் பெரிய திட்டம், ஒரு நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துச் சுற்றியுள்ள வயல்களுக்குக் கொடுப்பது. ஆற்றில் கலக்கும் மாசு குறையும், நிலத்தடி நீரை இறைப்பது குறையும், நீரிலேயே ஓரளவு தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் உரச் செலவும் குறையும். இரண்டு வருடம் நீரைச் சோதித்தோம். நுண்ணுயிரிகள், உப்பு, கன உலோகங்கள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. துறை ஒப்புதல் கொடுத்தது, நிதி வந்தது, டெண்டரும் விட்டாயிற்று. அதற்கு அப்புறம்தான் விவசாயிகளைக் கூப்பிட்டோம்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஸ்லைடு ஸ்லைடாக விளக்கினேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “தண்ணி நல்ல தண்ணிங்கிறீங்க, சரி தம்பி. மழைக்காலத்துல எங்களுக்குத் தண்ணியே வேண்டாமே. அப்ப இதை எங்க விடுவீங்க?”

நகரத்தில் மழைக்காலத்திலும் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். கழிவுநீர் 365 நாளும் வரும். வயலுக்கோ அது சில மாதங்கள்தான் தேவை. நடுவில் தேக்கிவைக்க ஒரு குளம் வேண்டும். எங்கள் வரைபடத்தில் குளமே இல்லை. சேர்க்க வேண்டுமென்றால் நிலம் தேட வேண்டும், மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், டெண்டரை ரத்து செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கூட்டக் குறிப்பில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினோம். எழுதியது நான்தான்.

முதல் மழைக்காலத்திலேயே வாய்க்கால் நிரம்பித் தாழ்வான வயல்களில் நீர் நின்றது. அறுவடைக்குத் தயாராக இருந்த பயிர் அடியோடு அழுகியது. மறு வருடம் விவசாயிகளே வால்வைத் திருகி மூடி, சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அந்தச் சங்கிலி துருவேறி வால்வோடு ஒட்டிப்போயிருந்தது. சுத்திகரித்த நீர் பழையபடி ஆற்றுக்கே போய்க்கொண்டிருந்தது.

கோப்பில் திட்டம் தோற்றதற்கு எழுதிய காரணம்: ‘விவசாயிகளிடையே போதிய விழிப்புணர்வு இல்லை.’ இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒரு வரியை நினைத்துத்தான். எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு குறையைக் கண்டுபிடித்தவர் அந்தப் பெரியவர். இரண்டு வருடம் முன்னால் ஒரு மாலை நேரம் அவரோடு வரப்பில் நடந்திருந்தால், குளம் வரைபடத்தில் முதல் கோடாக வந்திருக்கும்.

இது எனக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்த சில நாட்களில், இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா மலைப்பகுதியில் மழையோடு கதிரியக்கச் சீசியம் இறங்கியது. அந்த ஜூன் மாதம் அங்கே ஆடுகளை விற்கத் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்தது களிமண் நிலத்தின் கணக்கு. களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலைமேல் இருப்பதோ மட்கிய தாவரம் நிறைந்த அமில மண். அதில் சீசியம் மண்ணிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து ஆட்டுக்குமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியபோது வருடம் 2012.

அங்கே போய் ஆடு வளர்ப்பவர்களிடம் பேசியவர் பிரையன் வின் என்ற சமூகவியலாளர். அவர் பதிவு செய்த ஒரு சம்பவத்தை நான் புதியவர்கள் எல்லோருக்கும் சொல்வேன். சீசியத்தைக் கட்டுப்படுத்த பென்டோனைட் என்ற களிமண் பொடியைப் புல்லில் தூவி, அந்த இடத்தை வேலிபோட்டு, உள்ளே ஆடுகளை விட்டுச் சோதித்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு வேலிக்குள் விட்டால் மெலிந்துபோகும், சோதனை வீண் என்று ஆட்டுக்காரர்கள் முதலிலேயே சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஆட்டுக்காரர்கள் சொன்ன அதே காரணத்துக்காகச் சோதனையைக் கைவிட வேண்டி வந்தது. ஆடு எப்படி நடந்துகொள்ளும் என்பதும் ஒரு தரவுதான். அந்தத் தரவு ஆய்வகத்தில் கிடைக்காது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் டூவூம்பா நகரம் வறட்சியால் தவித்தபோது, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் சேர்க்கத் திட்டமிட்டார்கள். திட்டம் நிதி கேட்டு மேலே போன பிறகுதான் ஊரில் பேச்சு சூடுபிடித்தது. 2006 ஜூலையில் வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் 62 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியிலும் திட்டம் கிட்டத்தட்ட இதேதான். அங்கே சுத்திகரித்த நீரை நிலத்தடிக்குள் அனுப்பும் நிலையம் 2008இல் திறந்தது. ஆனால் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மருத்துவர்கள், வணிகர்கள், குடியிருப்புச் சங்கங்கள் என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு ஊரிலும் சுத்திகரிப்பு முறையில் பெரிய வேறுபாடு கிடையாது. பேச்சைத் தொடங்கிய நேரம்தான் வேறு.

சரி, என்ன செய்யலாம்? நான் இப்போது மூன்று விஷயங்களில் பிடிவாதமாக இருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு ஸ்லைடு கொண்டுபோவதில்லை, வெற்று நோட்டுதான். எது மாற்ற முடியாதது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதைக் கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாமே திறந்திருப்பதுபோல நடித்தால் மக்கள் ஒரே கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் வரமாட்டார்கள். மூன்றாவது, கூட்டக் குறிப்பில் ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே வடிவமைப்பில் என்ன மாறியது, மாறவில்லை என்றால் ஏன் மாறவில்லை என்று எழுதி, கேட்டவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அந்த இளம் குழுவிடம் 31ஆம் மாதக் கூட்டத்தை 2ஆம் மாதத்துக்கு நகர்த்தச் சொன்னேன். “அப்போ அவங்களுக்குக் காட்ட எங்ககிட்ட ஒண்ணுமே இருக்காதே சார்” என்றார் ஒரு பெண். உண்மைதான் அம்மா, அப்போதுதான் அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்ள உங்களுக்கு இடம் இருக்கும் என்றேன்.

எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது

அதிகாரி முன்னால் குத்தகை விவசாயி வாய் திறக்க மாட்டார். முதலில் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள்.

நிச்சயமில்லாததை மறைப்பது

அதிகாரிக்கு ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ வேண்டும் என்று நாமே முடிவுகட்டி, ஆய்வில் இருக்கும் ‘ஒருவேளை’யைத் துடைத்துவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். பின்னால் முடிவு மாறும்போது அறிவியலின் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது.

இத்தாலியின் லாகுயிலாவில் 2009 ஏப்ரல் 6 அன்று நிலநடுக்கத்தில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்புதான் நிபுணர் குழு அங்கே கூடியிருந்தது. சிறு அதிர்வுகளால் ஆபத்தில்லை, ஆற்றல் வெளியேறுவது நல்லதுதான் என்ற பொருளில் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் பேசினார். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. 2012இல் அந்த அதிகாரிக்கும் ஆறு விஞ்ஞானிகளுக்கும் தண்டனை விதித்தார்கள். 2014 மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலையானார்கள். மக்களிடம் பேசும் வேலையை யாரிடம் விடுகிறோம், அவர் ‘தெரியாது’ என்பதை எப்படிச் சொல்வார் என்பதையும் ஆய்வின் பகுதியாகவே பாருங்கள்.

ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் வழி எனக்குப் பிடித்தது. அதன் அறிக்கைகளில் ‘சாத்தியம் அதிகம்’ என்ற பொருளில் வரும் சொல்லுக்குக் குறைந்தது 66 விழுக்காடு வாய்ப்பு என்றும், ‘மிக அதிகம்’ என்றால் குறைந்தது 90 விழுக்காடு என்றும் வரையறை உண்டு. அறிக்கையின் சுருக்கத்தை அரசுப் பிரதிநிதிகள் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து வரி வரியாக ஒப்புக்கொள்கிறார்கள். வேலை மெதுவாகத்தான் நகரும், ஆனால் பின்னால் அந்த வரியை நான் ஏற்கவில்லை என்று எந்த நாடும் எளிதில் சொல்ல முடியாது.

ஒரே எண்ணைத் துரத்துவது

கொள்கை வகுப்பவர்களுக்கு ஓர் இலக்கு எண் பிடிக்கும். நாமும் ஆசையாக எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல், 2010க்குள் போக்குவரத்து எரிபொருளில் 5.75 விழுக்காடு தாவர எரிபொருளாக இருக்கட்டும் என்றது. 2009இல், 2020க்குள் போக்குவரத்தில் 10 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று உயர்த்தியது. நடுவில், 2008இலேயே, பயிர் எரிபொருளுக்குப் போனால் உணவுக்காக வேறெங்கோ காட்டை அழிப்பார்கள், அதில் வெளியேறும் கரியமில வாயுவையும் கணக்கில் சேர்த்தால் காலநிலைக்குக் கிடைக்கும் லாபம் நட்டமாகலாம் என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்தாயிற்று. உணவுப் பயிரிலிருந்து எடுக்கும் எரிபொருளுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பு வந்தது 2015இல். அதற்குள் எண்ணை நம்பி ஆலை கட்டியவர்கள் எத்தனை பேர்! எண்ணைக் கொடுக்கும்போதே அது எதையெல்லாம் அளக்காது என்று அதே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

பிரமாண்டமான முன்னோட்டத் திட்டம்

ஜெர்மனி 1983இல் குரோவியான் என்ற 3 மெகாவாட் காற்றாலையை நிறுவியது. சுழலும் இறக்கைகளின் விட்டமே 100 மீட்டர். மொத்தம் ஓடியது சுமார் 420 மணி நேரம், 1988இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதே காலத்தில் டென்மார்க்கில் சில பத்து கிலோவாட் அளவுள்ள சிறு காற்றாலைகளை விவசாயிகளும் கூட்டுறவுகளும் நட்டுக்கொண்டிருந்தார்கள். 1978இல் ரிசோவில் ஒரு சோதனை நிலையம் தொடங்கியது. அங்கே தேறிய காற்றாலைக்கு மட்டும் 1979 முதல் விலையில் 30 விழுக்காடு மானியம். உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தருகிறது, எது பழுதாகிறது என்று வெளிப்படையாகப் பத்திரிகையில் போட்டார்கள். விஞ்ஞானி, பயனாளி, மானியம் மூன்றும் ஒரே சங்கிலியில் கோத்திருந்தன. ஒரு இறக்கை உடைந்தால் அடுத்த மாதிரியில் அது திருத்தமாகி வந்தது.

உங்கள் முன்னோட்டத் திட்டம் உடைந்தால் யார் கற்றுக்கொள்வார்கள்? திறப்பு விழாவுக்கு முன்னால் இதற்குப் பதில் வைத்திருங்கள்.

நாற்பது பக்க அறிக்கை

இரண்டு பக்கம். மீதியைக் கேட்டால் கொடுங்கள்.

ஒரே ஓர் அதிகாரியை நம்பியிருப்பது

மாற்றலாகிவிடுவார்.

திருத்துவதற்கு நாள் குறிக்காத கொள்கை

ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாடு 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எழுதியது 1974. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பதைக் காட்டும் கட்டுரை வந்தது 1985. முதல் உடன்பாடு கேட்டது இந்த வாயுக்களில் பாதியளவு குறைப்பைத்தான், அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில். போதாதுதான். ஆனால் குறைந்தது நான்கு வருடத்துக்கு ஒருமுறை அறிவியல், சுற்றுச்சூழல், தொழில்நுட்பம், பொருளாதாரம் எல்லாவற்றையும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்ற பிரிவு உடன்பாட்டுக்குள்ளேயே இருந்தது. அதனால் 1990இல் லண்டனில் முழுத் தடைக்கு 2000 என்று நாள் குறிக்க முடிந்தது. 1992இல் கோபன்ஹேகனில், வளர்ந்த நாடுகளுக்கு அதையே 1996க்கு முன்னால் கொண்டுவந்தார்கள். ஏழை நாடுகள் மாறுவதற்கான செலவுக்கு ஒரு நிதியமும் 1990இல் ஒப்புதலானது.

வரைவு எழுதும்போது நான் இப்போது முதலில் தேடுவது இந்தப் பிரிவைத்தான்: யார், எந்தத் தரவை வைத்து, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பார்கள்? கொள்கைக் குறிப்பில் இதற்கு நான்கு வரி போதும். நான்கு வரியையும் எடுத்துவிடச் சொல்லி அழுத்தம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பராமரிப்பு

ஐந்தாம் வருடம் பம்ப் பழுதானால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், சாவி யார் கையில் இருக்கும்? இரண்டுக்கும் பதில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு டெண்டர் விடுங்கள்.