புதுக் காக்கடீல் குஞ்சு சோர்ந்து கிடக்கிறதா? தராசில் தொடங்குங்கள்

காக்கடீல் என்ற சின்னக் கிளியின் குஞ்சு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. கூண்டு மூலையில் இறகை உப்பிக்கொண்டு தூங்குகிறது. கிண்ணத்தில் தினை நிறைய இருப்பதால் பசி இருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கிண்ணத்தை ஒருமுறை ஊதிப் பாருங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் வெறும் உமி. ஊதினால் பறந்துவிடும், அடியில் நாலு மணி தினைகூட இருக்காது. இதற்கு நேர்மாறும் உண்டு. குஞ்சு நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும், ஆனால் கிண்ணத்தில் ஒரு உமி விழுந்திருக்காது. அப்படியென்றால் அது இன்னும் தின்னவே பழகவில்லை.

கிளி வகைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்கார இனம். நம் கண்ணுக்குச் சோர்வு தெரிகிறபோது நோய் பாதி தூரம் போயிருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் அளந்து பார்க்கிற பழக்கம் வேண்டும். கீழே உள்ளது கடைகளில் ‘காக்டெயில்’ என்று விற்கப்படும் காக்கடீல் குஞ்சுக்கு, 6 முதல் 10 வார வயதுக்கு. (நம்மூர்ப் பச்சைக்கிளியை வாங்கியிருந்தால் சிக்கல் வேறு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.)

1. எடை

ஒரு கிராம் வரை காட்டும் கிச்சன் தராசு போதும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவை வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, குஞ்சை உள்ளே விடுங்கள். தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன்னால் எடை போட வேண்டும். நேரம் மாறினால் தீனியின் எடையும் சேர்ந்து ஏமாற்றும்.

வளர்ந்த காக்கடீல் சுமார் 80 முதல் 100 கிராம் இருக்கும். பறக்கப் பழகும் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. மூன்று நாள் விடாமல் இறங்கினாலோ, 85 கிராம் இருந்தது 76 ஆனாலோ, அதாவது பத்தில் ஒரு பங்கு போனால், காத்திருக்க வேண்டாம். நெஞ்சு நடுவில் விரல் வைத்துப் பாருங்கள். எலும்பு கத்தி விளிம்புபோல் தட்டுப்பட்டால் பல நாளாகவே சரியாகத் தின்னவில்லை.

2. எச்சம்

செய்தித்தாள் வேண்டாம், மையில் நிறம் தெரியாது. கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சையோ பழுப்போ சுருண்ட மலம், வெள்ளைச் சுண்ணாம்புபோல் ஒரு பூச்சு, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர்.

பயணம் முடிந்து வந்ததும் நீர் அதிகமாகப் போவது பயத்தால். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். வெள்ளரி, பழம் கொடுத்தாலும் அப்படித்தான். மலம் சுருண்டே இருந்து நீர் மட்டும் கூடினால் அது பேதி இல்லை. மலமே கூழானால்தான் பேதி. முழுத் தினை அப்படியே வெளியே வந்தால் செரிமானக் கோளாறு. தார்போல் கறுத்தால் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம்.

மற்ற எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளைப் பகுதி. அது மஞ்சளாகவோ எலுமிச்சைப் பச்சையாகவோ மாறினால் கல்லீரல் பாதிப்பு என்று சந்தேகிக்க வேண்டும். சிட்டகோசிஸ் என்ற கிளிக்காய்ச்சலிலும் இப்படி வரும். காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக அது மனிதருக்கும் தொற்றும். தாளை மாற்றும்போது கொஞ்சம் நீர் தெளித்து ஈரமாக்கி, மாஸ்க் போட்டு எடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

3. தீனிப்பை

கையால் ஊட்டும் குஞ்சென்றால் காலையில் முதல் ஊட்டலுக்கு முன் தீனிப்பையை, அதாவது கழுத்தடியில் தீனி தங்கும் பையை, தொட்டுப் பாருங்கள். இரவில் கொடுத்தது காலியாகியிருக்க வேண்டும். மாவுபோல் தேங்கி, வாயில் புளித்த வாடை அடித்தால் மேலே மேலே ஊட்டாதீர்கள்; அன்றே டாக்டர்.

ஊட்டும் தீனியின் சூடு இதற்கு ஒரு காரணம். ஃபார்முலா, அதாவது நீரில் கரைத்து ஊட்டும் குஞ்சுத் தீனி மாவு, 39 முதல் 41 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஆறிப்போனதைக் கொடுத்தால் தேங்கும். 43-ஐத் தாண்டினால் தீனிப்பையே வெந்துபோகும். விரலால் பார்த்துச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் வாங்குங்கள். மைக்ரோவேவ் கூடாது, நடுவில் ஓரிடம் மட்டும் கொதித்திருக்கும். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

‘தானே தின்னும் சார்’ என்று சொல்லி விற்ற குஞ்சு ஓயாமல் கத்திக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டினால் அது நோய் இல்லை, பசி. காலையும் இரவும் மறுபடி ஃபார்முலாவுக்குப் போங்கள். ஊட்டிப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்; மூச்சுக்குழாயில் போனால் குஞ்சு தங்காது.

4. மூச்சு

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால் அவசரம். வாயைத் திறந்து மூச்சு விடுவதும் அப்படியே. காக்கடீல் உடம்பில் பவுடர்போல் தூசி உண்டு, அதனால் ஓரிரு வறட்டுத் தும்மல் சாதாரணம். மூக்குக்கு மேலுள்ள இறகு ஈரமாகி ஒட்டினால் சாதாரணம் இல்லை. கொசுவர்த்தி, சாம்பிராணி இரண்டையும் அந்த அறையில் நிறுத்துங்கள். காய்ந்து புகைந்த நான்ஸ்டிக் சட்டியின் ஆவி சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

5. டாக்டரிடம் போகும்வரை

அட்டைப்பெட்டியிலோ சின்னக் கூண்டிலோ ஒரு பக்கம் மட்டும் பல்பால் சூடு கொடுங்கள், 29 முதல் 32 டிகிரி. மறுபக்கம் சூடில்லாமல் இருந்தால் குஞ்சே இடம் மாறிக்கொள்ளும். இறக்கையை விரித்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். தீனியும் தண்ணீரும் தரையிலேயே. மற்ற பறவைகளிடமிருந்து 30 நாளாவது தனி அறை.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடையில் மருந்தென்று தரும் மஞ்சள் நிறப் பவுடரைத் தண்ணீரில் கலக்கவும் வேண்டாம். நோயுற்ற குஞ்சு தண்ணீர் குடிப்பதே குறைவு, மருந்தளவு சேராது. பிறகு பரிசோதனையில் கிருமியும் சரியாகத் தெரியாது.

எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை. போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அருகில் யாரும் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். எடைக் குறிப்பு, அன்றைய எச்சத்தாள், ஃபார்முலா பாக்கெட் மூன்றையும் எடுத்துப் போங்கள். வீட்டிலேயே ஒரு நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள். டாக்டர் மேசையில் வைத்ததும் பயத்தில் இறகை ஒடுக்கிக்கொண்டு, ஒன்றுமே இல்லாததுபோல் விறைப்பாக நிற்கும்.