பழைய பிபிஎஸ்ஸை நெட்வொர்க்குக்குத் தயார் செய்வது எப்படி

பிபிஎஸ் (Bulletin Board System) என்பது வெளியாட்கள் தொடர்புகொண்டு செய்தி படிக்கவும் எழுதவும் வைத்திருக்கும் கணினி அறிவிப்புப் பலகை. மண்டபத்திலோ கீழக்கரையிலோ கடலோரமாக வீடு என்றால், மென்பொருளைத் தொடுவதற்கு முன் அந்தக் கணினியின் சீரியல் போர்ட்டை (மோடம் செருகும் ஒன்பது ஊசி இணைப்பை) பாருங்கள். உப்புக்காற்று ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏற்றியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, ஒன்பது ஊசியையும் வளைக்காமல் ஒவ்வொன்றாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

அடுத்து யூஆர்ட் சிப், அதாவது சீரியல் போர்ட்டில் தரவை அனுப்பி வாங்கும் சிப். 8250 என்ற பழைய வகை ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும், வேகத்தைக் கூட்டினால் எழுத்துகளை விழுங்கிவிடும். 16550ஏ-வில் 16 பைட் இடம் உண்டு, கிடைத்தால் அதையே போடுங்கள்.

சரி, இணையத்துக்கு ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினி போதும். ஆனால் அதன் ஜிபிஐஓ ஊசிகள் 3.3 வோல்ட் தாங்குபவை, சீரியல் போர்ட்டிலிருந்து வரும், அதைவிட அதிக வோல்ட் கொண்ட ஆர்எஸ்-232 ஒயரை நேராகச் செருகினால் போர்டு போய்விடும், இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். யூஎஸ்பி சீரியல் அடாப்டர் போட்டு, நடுவில் நல்-மோடம் கேபிள் (மோடம் இல்லாமல் இரண்டு கணினிகளை நேராக இணைப்பது) வையுங்கள்: ஊசி எண் 2-ம் 3-ம் மாற்றி, 7-ம் 8-ம் மாற்றி, 5 மட்டும் நேராக.

வீட்டு இணைப்பில் பொது ஐபி இல்லையென்றால் வெளியாட்கள் டெல்நெட்டில் (இணையம் வழியாக வேறு கணினிக்குள் நுழையும் முறையில்) நம் பிபிஎஸ்ஸுக்குள் நுழைய முடியாது. அதற்காக விட்டுவிடாதீர்கள். டாம் ஜென்னிங்ஸ் 1984-ல் தொடங்கிய, பிபிஎஸ்கள் தங்களுக்குள் கடிதம் பரிமாறும் நெட்வொர்க்கான ஃபிடோநெட்டில் கடிதங்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்புவதுதான் வழக்கம். கடிதக் கட்டுகளைக் கொண்டுசெல்லும் பிங்க்டி மென்பொருளை நிறுவி, ஹப்பின் (நம் கடிதங்களை வாங்கி அனுப்பும் மைய பிபிஎஸ்ஸின்) 24554 போர்ட்டை நாமே அழைத்தால் கடிதம் போகும், வரும். நோட் எண்ணும் (ஃபிடோநெட்டில் நம் முகவரி) கடவுச்சொல்லும் வாங்கியதும் முதலில் ஒரே ஒரு நெட்மெயில் (ஒருவருக்குப் போகும் தனிக்கடிதம்) அனுப்பி, பதில் வருகிறதா பாருங்கள்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் செய்திக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.