ஏற்றத்தில் மட்டும் குதித்த செயின்

புது ரோடு பைக் சைக்கிளில், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறிப் பழகிக்கொண்டிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் டக்கென்று குதிக்கும். வீட்டில் ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றினால் ஒரு குறையும் இல்லை.

கியர் கேபிளின் இழுவையைத் திருகிப் பார்த்தேன். பெரிய பல் சரியானால் நடுப் பற்கள் கரகரக்கும். கேபிளையும் உறையையும் மாற்றினேன். கடையில் செயினையே மாற்றச் சொன்னார்கள். புது வண்டிக்கா?

அப்புறம்தான் வண்டிக்குப் பின்னால் குந்தி, செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லரைப் பார்த்தேன். கீழ் உருளை ஸ்போக் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. டீரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு வளைந்திருக்கிறது. அடி பட்டால் ஃபிரேமுக்குப் பதில் வளையட்டும் என்றே அதை மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள். வண்டியில் கீறல் இல்லை. ஆனால் அது வந்த அட்டைப்பெட்டியில் டீரெய்லர் இருந்த மூலை நசுங்கியிருந்தது.

ஹேங்கர் நிமிர்த்தும் கருவியை இரவல் வாங்கினேன். டீரெய்லரைக் கழற்றி, அது இருந்த ஹேங்கர் துளையில் கருவியைத் திருகி, ரிம்மின் நான்கு பக்கமும் கருவியின் முனைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஒன்றாகும்வரை மெல்ல வளைத்தேன். அளக்கும்போது வால்வு இருக்கும் இடத்தையே குறியாக வைத்துச் சக்கரத்தையும் கூடவே சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரிம்மின் கோணல் கணக்கில் கலந்துவிடும். கடைசியாக, டீரெய்லர் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட் ஸ்குரூ, கேபிள் இரண்டையும் மறுபடி அமைத்தேன். சரி, தொல்லை விட்டது. இப்போது உச்சிவரை செயின் குதிக்கவில்லை.