வோல்பாக்கியா ஏத்துன கொசு வெளிய தாக்குப்பிடிக்குமா? லேப்லயே சோதிச்சுப் பாக்குறது எப்படி

டெங்கு பரப்புற ஏடிஸ் ஈஜிப்தி கொசுவுக்குள்ள வோல்பாக்கியாங்கற பாக்டீரியாவை ஏத்திட்டா வைரஸ் அதுக்குள்ள சரியா பெருகாது, இது இப்ப நெறைய பேருக்குத் தெரியும். ஆனா அந்தக் கொசுவ வெளிய விட்டா நிலைச்சு நிக்குமாங்கறது வேற கேள்வி, அதுக்கு ஃபிட்னஸ் அளக்கணும். ஃபிட்னஸ்னா உடம்பு பலம் இல்ல, ஒரு கொசு அடுத்த தலைமுறைக்கு எத்தன பிள்ளைங்கள விட்டுட்டுப் போகுதுங்கற கணக்கு.

மொதல்ல ஒப்பிட சரியான ஜோடி வேணும். பாக்டீரியா இருக்குற லைன் (தலைமுறை தலைமுறையா தனியா வளக்குற கொசு வம்சம்) ஒன்னு, இல்லாத லைன் ஒன்னு, மத்தபடி ஜீன் எல்லாம் ஒரே மாதிரி. பல வருஷமா லேப்லயே வளர்ந்த கொசுவையும் வெளியில புடிச்சதையும் பக்கத்துல வெச்சு அளந்தா வித்தியாசம் பாக்டீரியாவால வந்துச்சா ஜீனால வந்துச்சான்னு சொல்லவே முடியாது. வோல்பாக்கியா தாய் வழியாத்தான் முட்டைக்குள்ள போகும், அதனால பாக்டீரியா இருக்குற பெண் கொசுவ வெளியில புடிச்ச ஆண் கொசுவோட சேத்து, அதோட பெண் பிள்ளைங்கள திரும்ப அதே மாதிரி சேத்து, இப்படி அஞ்சு தலைமுறை போங்க, ஜீன் கிட்டத்தட்ட 97 சதவீதம் வெளி கொசுவோடதா மாறிடும். டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் மருந்து குடுத்து பாக்டீரியாவ எடுத்த லைனையும் ஒப்பிட வெச்சுக்கலாம், ஆனா மருந்து குடுத்த தலைமுறையில அளக்காதீங்க, குடல்ல இருக்குற மத்த கிருமிங்களும் போயிருக்கும், ரெண்டு தலைமுறையாவது விட்டுட்டு பாக்டீரியா போயிடுச்சான்னு பிசிஆர்ல (டிஎன்ஏ சோதனை) பாத்துட்டு ஆரம்பிங்க.

லார்வா வளக்கும்போது எல்லா ட்ரேலயும் ஒரே எண்ணிக்கை, ஒரே தண்ணி, ஒரே தீனி. நெரிசல் ஆன ட்ரேல வர்ற கொசு சின்னதா இருக்கும், சின்னது முட்டையும் கம்மியா போடும், நீங்க பாக்டீரியா மேல பழி போட்டுடுவீங்க.

அப்புறம் நாலு விதமா சேத்துப் பாருங்க. பாக்டீரியா இருக்குற ஆண், இல்லாத பெண், இந்த ஒரு ஜோடியோட முட்டைங்க மட்டும் பொரியாது, மத்த மூணும் பொரியும். வோல்பாக்கியா ஊருக்குள்ள பரவுறதே இந்த ஒரு தந்திரத்தாலதான். அதோட எத்தன முட்டை, எத்தன நாள் உயிர் வாழுது, இதெல்லாம் எண்ணுங்க. வயசான கொசுவ கையில கடிக்க விட்டும் பாக்கணும். டபிள்யூமெல்பாப்னு ஒரு வோல்பாக்கியா ரகம் ஏடிஸோட ஆயுளையே பாதியா குறைச்சுது, வயசான பெண் கொசுவுக்கு கடிக்குற ஊசி வளைஞ்சு தோலுக்குள்ள எறங்கவே மாட்டேங்குது.

இப்ப நெறைய பேர் விட்டுடற விஷயம், பழைய முட்டை. ஏடிஸ் முட்டை காஞ்சு போய் மாசக்கணக்கா உயிரோட கெடக்கும், தண்ணி பட்டாத்தான் பொரியும். நான் ஆரம்பத்துல ஒரு வாரம் ஆன முட்டைய மட்டும் எண்ணிட்டு ரெண்டு லைனும் சமம்னு எழுதி வெச்சேன், அது தப்பு. முட்டை ஒட்டுன பேப்பர ஈரப்பதம் மாறாத மூடுன டப்பாவுல வெச்சு, ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டு வெட்டி தண்ணியில போடுங்க. மைக்ராஸ்கோப்புல பாத்தா பொரிஞ்ச முட்டை ஒரு பக்கம் மூடி கழண்டு கெடக்கும், செத்தது நடுவுல ஒடுங்கி குழி விழுந்து கெடக்கும். டபிள்யூமெல்பாப் லைன்ல வாரம் ஏற ஏற குழி விழுந்ததுதான் பேப்பர் முழுக்க. வியட்நாம்ல ட்ரி நுயென் தீவுலயும் ஆஸ்திரேலியாவோட வட குயின்ஸ்லாந்துல ரெண்டு எடத்துலயும் இந்த ரகத்த விட்டாங்க, மொதல்ல நல்லாவே ஏறுச்சு, விடறத நிறுத்தினதும் எறங்கிப் போயிடுச்சு. அதே குயின்ஸ்லாந்துல 2011ல விட்ட டபிள்யூமெல் ரகம், கொசுவுக்கு பாரம் கம்மி, அது நின்னுடுச்சு. இந்தோனேசியாவோட யோக்யகர்த்தாவுல டெங்குவ 77 சதவீதம் கொறச்சதும் இந்த டபிள்யூமெல்தான்.

வெயிலையும் சோதிங்க. லார்வா ட்ரேய தினம் 26ல இருந்து 37 டிகிரி வரைக்கும் ஏத்தி எறக்குனா கொசுவுக்குள்ள டபிள்யூமெல் எண்ணிக்கை பயங்கரமா விழுந்துடும், டபிள்யூஆல்ப்பிங்கற இன்னொரு ரகம் தாங்கும், கோலாலம்பூர்ல அதை தேர்ந்தெடுத்ததுக்கு அதான் காரணம்.

இப்ப கணக்கு. பாக்டீரியாவால முட்டை எண்ணிக்கை எவ்ளோ கொறையுதோ அத, மேல சொன்ன பொரியாத ஜோடியில பொரியாம போற முட்டையோட பங்கால வகுங்க. 20 சதவீத நஷ்டம், அந்த ஜோடியில முட்டை ஒன்னு கூட பொரியலன்னா, பாக்டீரியா இருக்குற கொசு ஊர்க் கொசுவுல 20 சதவீதத்த தாண்டுற வரைக்கும் விட்டுட்டே இருக்கணும், அதுக்குக் கீழ நிறுத்துனா தானா அழிஞ்சிடும். தாய்கிட்ட இருந்து சில பிள்ளைங்களுக்கு பாக்டீரியா போகாம விட்டுப்போச்சுன்னா இந்த எல்லை இன்னும் மேல ஏறும்.

ஒரு தடவ அளந்ததோட விட்ராதீங்க, ஏன்னா கொசு, பாக்டீரியா ரெண்டுமே பரிணாமத்துல மாறும். பாக்டீரியாவுக்கு தாய விட்டா வேற வழி இல்ல, தாய் நெறைய முட்டை போட்டாத்தான் அதுக்கும் லாபம். கலிஃபோர்னியாவுல ஒரு பழ ஈயில வோல்பாக்கியா முட்டைய கொறச்சுட்டு இருந்துச்சு, 20 வருஷத்துக்குள்ள அதே பாக்டீரியா இருந்த ஈ, இல்லாதத விட 10 சதவீதம் அதிகமா முட்டை போட ஆரம்பிச்சிடுச்சு. கொசுவுல இது நடந்தா எனக்குப் பயம் என்னன்னா, பாக்டீரியா சாதுவா ஆகும்போது எண்ணிக்கையும் கொறஞ்சு வைரஸ தடுக்குற வேலையும் தளர்ந்துடுமோன்னுதான். குயின்ஸ்லாந்துல கெய்ர்ன்ஸ் ஊர் பக்கம் பத்து வருஷம் ஆகியும் டபிள்யூமெல் பெருசா மாறல, அது நிம்மதியான செய்தி. ஆனாலும் நீங்க விடற நாள்லயே கொஞ்சம் கொசுவ ஃப்ரீசர்ல எடுத்து வெச்சு, வருஷம் ஒருக்கா வெளியில புடிச்சதோட பாக்டீரியா எண்ணிக்கைய அதோட ஒப்பிட்டு, புடிச்ச கொசுவோட பிள்ளைங்களுக்கு புதுசா வைரஸ் குடுத்தும் பாருங்க.