பச்சைத் தேனீக்குக் கூடு வேண்டாம், வெறும் மண் போதும்

மினுமினுக்கும் பச்சை வியர்வைத் தேனீ (மனித வியர்வையை நக்க வரும் சிறு தேனீ) தோட்டத்தில் தங்க வேண்டுமானால், மூங்கில் குழாய்க் கூடு வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். நல்ல வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி மண்ணை மூடாக்கு போடாமல், கொத்தாமல் அப்படியே விடுங்கள்.

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் அகபோஸ்டெமான் என்ற பேரினப் பச்சை வியர்வைத் தேனீக்கள் குழாயில் முட்டையிடுவதில்லை. பெண் தேனீ நிலத்தில் சுரங்கம் தோண்டி, பக்கவாட்டில் அறைகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் மகரந்த உருண்டை வைத்து அதன்மேல் ஒரு முட்டையிடும். வாசல் பென்சில் பருமன்தான், சுற்றிலும் பொடிமண் குவிந்திருக்கும். எறும்புப் புற்று என்று எண்ணி மிதித்துவிடாதீர்கள். சில வகைகளில் பல பெண்கள் ஒரே வாசலைப் பயன்படுத்தினாலும் அறைகளை அவரவரே கட்டுகிறார்கள். மரச்சீவலைத் தடிமனாகப் பரப்பினால் தோண்ட வழியில்லை. குளிர்காலத்தில் ஆழமாகக் கிளறினால் உள்ளே உறங்கும் தேனீக்களும் அழிந்துபோகும்.

எல்லாப் பச்சைத் தேனீக்கும் இது பொருந்தாது. ஆகோக்ளோரா பியூரா என்ற இன்னொரு பச்சை வியர்வைத் தேனீ மண்ணில் கூடு தோண்டாது. பட்டை கழன்று உளுத்த மரக்கட்டைக்குள் கூடு கட்டும். அதற்கு ஒரு பழைய கட்டையை நிழலில் போட்டு வையுங்கள். பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டத்தில் வெறும் மண், பழைய கட்டை இரண்டுமே பயன் தராது.